மேட்டு நிலமும் நானூறு மீற்றரும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தைக் கொழும்பு மக்கள் யாவரும் அறிவர். அக்கங்கை அப்பெயரைப் பெறும் இடத்தை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா என வழங்கும் ஈராறுகள் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே வெவ்வேறு பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கிவந்து, பொல்பிட்டியப் பகுதியில் ஒன்றுகூடிக் களனியாகின்றன. அட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வழியாக அவ்விடத்துக்குச் செல்லும் வீதி, நேரே நூறு பாகம் செல்வதற்குள் ஒரு முறையேனும் வளையாமல் இருப்பது அரிது. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியிலே நீரின் ஓசை.

இந்நீரின் வலிமையை முதலில் கணக்கிட்டுக் கூறியவர் டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர். 1918ஆம் ஆண்டிலேயே இவ்வருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று அவர் எடுத்துரைத்தார். அவர் சொல் செயலாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. லக்சபான மின்னிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் கீழே, 75 மெகாவாட் ஆற்றலுடன் பொல்பிட்டிய நிலையம் 1969ஆம் ஆண்டில் எழுந்தது. மேலே ஒரு நிலையத்தின் சக்கரத்தைச் சுழற்றிய நீரே மீண்டும் தேக்கப்பட்டுக் கீழேயுள்ள நிலையத்தின் சக்கரத்தையும் சுழற்றுகின்றது. செங்குத்தான நிலம் மின்சாரத்துக்கு ஏற்றது. ஆயின் அதே நிலம் ஓட்டப் பந்தயத்துக்கு ஏற்றதா என்று கேட்டால், எவரும் இல்லையென்றே விடை கூறுவர். அத்தகைய நிலத்திலிருந்துதான் இலங்கையின் தலைசிறந்த நானூறு மீற்றர் ஓட்டவீரரான சுகத் திலகரத்ன தோன்றினார்.

இக்கூற்றின் வியப்பை உணர்வதற்கு, நானூறு மீற்றர் ஓட்டத்துக்கு வேண்டிய நிலம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சர்வதேச விதிப்படி அமைந்த ஓடுபாதையிலே இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு அரைவட்ட வளைவுகளும் உண்டு. நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீற்றர் நீளம். வளைவின் ஆரை 36.50 மீற்றர். 1.22 மீற்றர் அகலமுள்ள எட்டுப் பாதைகளை இவற்றைச் சுற்றி அமைப்பதாயின், ஏறக்குறைய 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் கொண்ட நிலம் வேண்டும்; அதாவது நான்கு ஏக்கர். நான்கு ஏக்கர் இருந்தாற் போதுமா? அது சமதரையாகவும் இருத்தல் வேண்டும். ஓடுந் திசையிலே ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் சரிவு இருத்தலாகாது என்பது விதி. நூறு மீற்றர் தூரத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் இறங்கினால் அதுவே எல்லை. மலைநாட்டிலே நூறு மீற்றர் நடப்பவன் பத்துச் சென்ரிமீற்றரையா ஏறி இறங்குகின்றான்? சில தோட்டங்களிலே வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்ப் பீலிக்குப் போய்வருவதற்குள் பத்து மீற்றர் ஏறி இறங்கவேண்டியிருக்கும்.

மலைநாட்டிலே சமதரை அறவே இல்லையென்று கூறுதல் பொருந்தாது. இருந்த சமதரை யாருக்குச் சென்றது என்பதே கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடக் காடுகள் அழிக்கப்பட்டபோது, சற்றுப் பரந்த மேடைகளிலே தொழிற்சாலையும் துரையின் பங்களாவும் எழுந்தன. எஞ்சிய நல்ல இடங்கள் தோட்டத்துரைமாரின் கழகங்களுக்காயின. நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்ல மைதானமும், டிக்கோயாவின் தரவளை மைதானமும் அவ்வாறு அமைந்தவையே. ரதல்ல மைதானத்துக்குரிய திம்புள்ளைக் கழகத்தின் பெயரிலே மெய்வல்லுநர் விளையாட்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் அம்மைதானத்தைச் சூழ்ந்த மலைகளிலே கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் அக்காலத்தில் வேலிக்கு அப்பால் நின்றே அவ்விளையாட்டைக் கண்டனர். லயங்களுக்குக் கிடைத்தது சரிவு. தோட்டப் பாடசாலைகளுக்குக் கிடைத்தது, பெரும்பாலும், லயத்துக்கும் வீதிக்கும் இடைப்பட்ட ஒரு மேடை. எழுபதுகளிலே அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றபின் கட்டடங்கள் வந்தன, ஆசிரியர்கள் வந்தனர், ஆனால் மலையை வெட்டிச் சமன் செய்வது எளிதான காரியமன்று. மலைநாட்டிலே கரப்பந்தாட்டம் இவ்வளவு வேரூன்றியமைக்குக் காரணம் யாதென்று சிலர் வினவுவதுண்டு. அதற்கு ஒரு சிறு முற்றம் போதும் என்பதே காரணங்களுள் முதன்மையானது.

மலைநாட்டுப் பாடசாலையொன்றில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும் நாளைக் கண்டவர்கள் இதனை நன்கு அறிவார்கள். சுண்ணாம்புத் தூளாற் கோடு கிழிக்கப்பட்டிருக்கும். வட்டம் இருநூறு மீற்றர் கூட வராது. நானூறு மீற்றர் ஓடுபவன் இரண்டு சுற்றோ, இரண்டரைச் சுற்றோ ஓடவேண்டும். ஒரு வளைவு மற்றையதிலும் ஒடுக்கமாயிருக்கும். அவ்விடத்திலே வேகத்தைக் குறைக்காவிடின் பார்வையாளர் கூட்டத்தின் மேலேயோ பள்ளத்திலேயோ விழ நேரும். மழை பெய்தால் கோடும் இல்லை, போட்டியும் இல்லை. இத்தகைய மைதானத்திலே ஓடிப் பழகிய பிள்ளைக்குத் தான் ஓடியது எவ்வளவு தூரம், எத்தனை செக்கன் என்பதே திட்டமாகத் தெரியாது. வேகம் என்பது அளக்கப்படும்போதுதான் பிறருக்குப் புலனாகின்றது. அளவில்லாத இடத்திலே திறமை இருந்தும் அது வதந்தியாகவே நின்றுவிடும்.

நெடுந்தூர ஓட்டத்துக்கு இந்த இடர்ப்பாடு அத்துணைப் பெரிதன்று. வீதி இருந்தாற் போதும். மேடும் பள்ளமும் அவனுக்குப் பயிற்சியே. அட்டன் பகுதியிலிருந்து எழுந்து, 10,000 மீற்றர் ஓட்டத்தில் நாட்டின் முன்னணி வீரராக விளங்கிய குமார் சண்முகேஸ்வரனை மலையகத் தமிழ் நேயர்கள் அறிவர். அவருக்குப் பாதை தந்தது மலை. ஆனால் நானூறு மீற்றர் வீரனுக்கு மலை பாதை தருவதில்லை. அவன் மலையை விட்டு இறங்கியே ஆகவேண்டும்.

நானூறு மீற்றர் ஓட்டம் விரைவோட்டங்களுள் மிகக் கொடியது என்பர். நூறு மீற்றர் வீரன் தன் முழு வேகத்தையும் ஒருங்கே செலவிட்டுவிடலாம். எண்ணூறு மீற்றர் வீரன் ஆறுதலாக இடம் பார்த்து ஓடலாம். நானூறு மீற்றர் வீரனுக்கு இவ்விரண்டு வசதிகளும் இல்லை. மனித உடல் தன் உச்ச வேகத்தைச் சில செக்கன்களுக்கு மட்டுமே தாங்கும். அதன்பின் தசைகள் போதிய ஒட்சிசன் இன்றியே சக்தியைப் பெறவேண்டியிருப்பதால், அவற்றில் அமிலத்தன்மை ஏறுகின்றது. கடைசி நூறு மீற்றரிலே கால்கள் கல்லாய்க் கனக்கின்றன, தோள்கள் இறுகுகின்றன, பார்வை கூடச் சிறிது மங்குவதாக ஓடியவர்கள் கூறுவர். நாற்பத்தைந்து செக்கனுக்குள் ஓடும் வீரர்களும் முதற்பாதியை விடப் பிற்பாதியை ஏறக்குறைய இரண்டு செக்கன் தாமதமாகவே ஓடுகின்றனர். கடைசியில் ஒருவர் முன்னே பாய்ந்து வருவதாக நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் கண்மயக்கம். மற்றவர்கள் அவரிலும் அதிகமாகத் தளர்கின்றனர், அவ்வளவே. தொடக்கத்திலே எவ்வளவைச் செலவிடுவது, எவ்வளவைத் தேக்கி வைப்பது என்ற கணக்கிலேதான் இந்த ஓட்டத்தின் வெற்றி தங்கியுள்ளது. லக்சபான நீரைத் தேக்கித் திறப்போர்க்கும் இக்கணக்கு அந்நியமானதன்று.

இந்த ஒரு சுற்று ஓட்டத்தோடு இலங்கைக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1948ஆம் ஆண்டு, நாடு சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள், லண்டன் ஒலிம்பிக் விழாவிலே டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். கண்டித் திரித்துவக் கல்லூரியின் மாணவர் அவர். இரண்டு ஆண்டுகளின் பின் ஓக்லாந்து நகரில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவிலே, 440 யார் தடைதாண்டலில் தங்கமும் பெற்றார். 1974ஆம் ஆண்டு தெஹ்ரானில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே விமலதாச 400 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றதோடு, நால்வர் ஓடும் 400 மீற்றர் அஞ்சலோட்டத்திலும் இலங்கைக்கே தங்கம் கிடைத்தது. அதன்பின் நீண்டதோர் வரட்சி. இருபத்துநான்கு ஆண்டுகள் ஆசிய விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்குத் தங்கம் கிட்டவில்லை.

இவ்விடத்தில் ஓட்டவீரர் அல்லாத ஒருவரையும் நினைவுகூர்தல் தகும். ஆசிய விளையாட்டு விழாவிலே இலங்கைக்கு முதற் தங்கத்தை ஈட்டியவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958ஆம் ஆண்டு தோக்கியோவிலே உயரம் பாய்தலில் 2.03 மீற்றரைத் தாண்டினார் அவர். விழா நடைபெற்றது அவ்வாண்டு மே மாதத்தின் இறுதி நாட்களில். அதே நாட்களிலே இலங்கையில் இனக்கலவரம் மூண்டு, அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, கொழும்பிலிருந்த தமிழர்கள் அகதிகளாகக் கப்பலேறி வடக்கே சென்றுகொண்டிருந்தனர். அவர் பாய்ந்தது இலங்கைக் கொடியின் கீழ்தான். விளையாட்டு நாட்டை ஒன்றுபடுத்தும் என்று பலரும் எளிதாகக் கூறிவிடுகின்றனர். ஒன்றுபடுத்தாத காலத்திலும் விளையாடியவர்கள் இருந்தார்கள் என்பதே வரலாறு கூறும் கடினமான உண்மை.

இனி 1998ஆம் ஆண்டுக்கு வருவோம். சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டு அது. விழாவின் தலைமை நிகழ்ச்சியைக் கண்டியில் நடத்துவதாக ஏற்பாடு. சனவரி மாதம் 25ஆம் திகதி தலதா மாளிகை குண்டுத் தாக்குதலுக்குள்ளானது. விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. வடக்கிலே போர் நடந்துகொண்டிருந்தது. நாட்டின் எப்பகுதியிலும் மக்கள் மகிழ்வதற்குக் காரணம் குறைவாயிருந்த காலம்.

அவ்வாண்டு யூலை மாதம் சப்பானின் புக்குவோக்கா நகரிலே ஆசிய மெய்வல்லுநர் சாம்பியன் போட்டிகள் நடைபெற்றன. சுகத் திலகரத்ன 1973ஆம் ஆண்டிற் பிறந்தவர். அப்போது இருபத்தைந்தாம் வயதை எட்டிக்கொண்டிருந்தார். 400 மீற்றர் ஓட்டத்தை அவர் 44.61 செக்கனில் ஓடி முடித்தார். ஆசியாவின் அந்நாளைய சாதனை, ஓமான் நாட்டு முகம்மத் அல் மல்கி 1988ஆம் ஆண்டு புடாப்பெஸ்ட் நகரில் ஓடிய 44.56 செக்கன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு. தரையில் அளந்தால் ஒரு முழம் கூட இல்லை. சப்பானின் பெருமைக்குரிய தக்கானோ சுசுமு உலகச் சாம்பியன் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் இறுதி ஓட்டத்துக்குத் தெரிவானவர். அவரது தலைசிறந்த நேரமும் 44.78 தான். இந்தியாவின் மில்கா சிங், 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கிலே நான்காம் இடம் பெற்றபோது ஓடிய நேரம் மின்கருவிக் கணிப்பின்படி 45.73. அக்காலத்துச் சாம்பற் பாதைக்கும் பிற்காலத்துச் செயற்கைப் பாதைக்கும் உள்ள வேற்றுமையை ஒதுக்கிவிட்டு ஒப்பிடுதல் முறையன்று. எனினும் ஒரு தீவின் மலைச்சரிவிலிருந்து வந்தவர் எந்த வரிசையிலே போய் நின்றார் என்பதை இவ்வெண்கள் காட்டும்.

அதே யூலை மாதத்தின் தொடக்கத்திலேதான் டங்கன் வைட் இங்கிலாந்தில் காலமானார். ஒரு சுற்று ஓட்டத்திலே இலங்கையின் பெயரை முதன்முதல் உலகறியச் செய்தவர் மறைந்த சில வாரங்களுக்குள், அதே தூரத்திலே புதியதொரு பெயர் ஆசியாவெங்கும் பேசப்பட்டது.

செப்தெம்பர் மாதம் கோலாலம்பூரிலே பொதுநலவாய விளையாட்டு விழா. அவ்விழாவின் 400 மீற்றர் இறுதி ஓட்டத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். எதிரே நின்றவர்கள் சாமானியர் அல்லர். வேல்சு நாட்டு இவான் தோமஸ் அவ்வாண்டின் ஐரோப்பியச் சாம்பியன். இங்கிலாந்தின் மார்க் ரிச்சட்சன் முந்திய ஆண்டு ஏதென்சு நகரில் நடைபெற்ற உலகச் சாம்பியன் போட்டியிலே நான்காம் இடம் பெற்றவர். இவர்களுக்கு ஆண்டு முழுதும் ஐரோப்பிய நகரங்களில் வாரந்தோறும் தம்மை ஒத்தவரோடு ஓடும் வாய்ப்பு உண்டு. தன்னை ஒத்தவரோடு ஓடாதவன் தன் எல்லையை அறியமாட்டான். இலங்கையிலே சுகத்துக்கு நிகராக ஓடக்கூடியவர் அந்நாளில் எவரும் இல்லை. முடிவு இவ்வாறு அமைந்தது: தோமஸ் 44.52, ரிச்சட்சன் 44.60, சுகத் 44.64. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே ஒரு முழத்திலும் குறைவு. தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீற்றர். நானூறு மீற்றரில் ஒரு மீற்றர்!

வெண்கலத்தைத் தோல்வியாகக் கருதுவோர் உண்டு. யூலையில் 44.61, இரண்டு மாதங்களின்பின் வேறொரு நாட்டில், வேறொரு தட்பவெப்பத்தில், தம்மிலும் அனுபவம் மிக்கவர்களின் நடுவே 44.64. ஒரு முறை நன்றாக ஓடுதல் அதிட்டமாக இருக்கலாம். அதே அளவில் மீண்டும் ஓடுவது பயிற்சியின் விளைவே. சுகத்தின் வாழ்விலே 44.61 என்ற எண்ணைக் காட்டிலும், இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள நெருக்கமே அவரை நன்கு அறிமுகப்படுத்துகின்றது.

திசெம்பர் மாதம் பாங்கொக்கிலே ஆசிய விளையாட்டு விழா. அங்கே சுகத் 44.99 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். தெஹ்ரானில் விமலதாச வென்ற அதே ஓட்டம். இடையே இருபத்துநான்கு ஆண்டுகள். மூன்று பெரும் போட்டிகளிலும் நாற்பத்தைந்து செக்கனுக்குள் ஓடியிருந்தார். பெண்கள் பிரிவில் தமயந்தி தர்ஷா 200 மீற்றரிலும் 400 மீற்றரிலும் தங்கம் பெற்றார். ஆசியா முழுவதும் திரண்டு வந்த ஒரு விழாவிலே, ஒரு சுற்று ஓட்டத்தின் ஆண், பெண் பட்டங்கள் இரண்டும் இச்சிறு தீவுக்கே வந்தன. போர்ச் செய்திகளே தலைப்பாகி வந்த நாட்களில், வானொலிச் செய்தியின் முதல் வாக்கியம் ஓர் ஓட்டத்தைப் பற்றியதாக அமைவது சிறிய காரியமன்று.

சுகத்துக்கு ஒலிம்பிக் பதக்கம் கிட்டவில்லை. அப்பேறு பெற்றவர் அவர் காலத்தவரான சுசந்திகா ஜயசிங்க. மலைநாடு மேற்கே தாழ்ந்து இறங்கும் கேகாலை மாவட்டத்தின் கிராமமொன்றிலிருந்து வந்த அவர், 1997ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்ற உலகச் சாம்பியன் போட்டியிலே 200 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தை 22.28 செக்கனில் முடித்து மூன்றாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்ற அமெரிக்க வீராங்கனை மரியன் யோன்சு ஊக்கமருந்து உட்கொண்டதை 2007ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டபின் அவரது பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டிலே சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. ஒன்பது ஆண்டு கழித்துக் கிடைத்த வெள்ளிக்கு, மேடையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் இல்லை. டங்கன் வைட்டுக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் இதுவே.

மலைநாட்டவர் உயரமான இடத்தில் வாழ்வதால் அவர்களது இரத்தமும் நுரையீரலும் வலிமையுற்று இயல்பாகவே விரைந்து ஓடுவர் என்று கருதுவோர் பலர். சுகத்தைப் பற்றிய பேச்சு எழும்போதும் இக்கருத்து எழாமலிருப்பதில்லை. அது சரியன்று. உயர்ந்த இடத்து மெல்லிய காற்றிலே வாழ்வோரின் இரத்தத்தில் செந்நிறக் கலங்கள் பெருகும் என்பது உண்மையே. ஆனால் அதன் பயன் நெடுந்தூர ஓட்டத்துக்கே மிகுதி. அதிலும் கெனியா, எத்தியோப்பியா நாடுகளைப் போல இரண்டாயிரம் மீற்றரும் அதற்கு மேலும் வேண்டும். நுவரெலியா நகரமே இரண்டாயிரத்தை எட்டவில்லை. பொல்பிட்டியவோ அதனினும் மிகத் தாழ்ந்த பள்ளத்தாக்கு. மேடேறி இறங்கும் பிள்ளையின் தொடைக்கும் கணுக்காலுக்கும் உரம் ஏறுகின்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை. சரிவிலே ஏறி ஓடுதல் உலகெங்கும் விரைவோட்ட வீரர்கள் செய்யும் பயிற்சியே. ஆனால் மலையில் ஏறி இறங்கும் பிள்ளைகள் இலட்சக்கணக்கானோர். 44.61 ஓடியவர் ஒருவரே. மலையே ஓட்டவீரனை ஆக்குமாயின் தோட்டந்தோறும் ஒரு சுகத் இருந்திருக்க வேண்டும். ஆக்கியது மலையன்று, அம்மனிதரின் பல ஆண்டு உழைப்பும், அளந்து கட்டிய பாதையிலே பயிலக் கிடைத்த வாய்ப்புமே. அவ்வாய்ப்புக் கிட்டாத மற்றவர்களின் பெயர்களை எந்தச் சாதனை ஏட்டிலும் காணமுடியாது.

இவ்வுண்மைக்கு வேறொரு சான்றும் உண்டு. 2022ஆம் ஆண்டிலே யுபுன் அபேகோன் 100 மீற்றர் ஓட்டத்தை 9.96 செக்கனில் ஓடி, தெற்காசியாவில் பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் மனிதரானார். அதே ஆண்டு பேமிங்காம் பொதுநலவாய விழாவில் வெண்கலமும் பெற்றார். அவர் பயின்றது இத்தாலியில். அவரது கால்கள் இலங்கையிற் பிறந்தவை. அவை பத்துச் செக்கனுக்குக் கீழே இறங்குவதற்கான பாதையும் பயிற்றுநரும் போட்டியும் கடல் கடந்து கிடைத்தன.

சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கே உரியவை. 1988ஆம் ஆண்டில் ஓமான் வீரர் நிலைநாட்டிய 44.56ஐ, சவூதி அரேபியாவின் யூசுப் மஸ்ரஹி 2014ஆம் ஆண்டில் வென்றார். அடுத்த ஆண்டே பீஜிங் நகரில் 43.93 செக்கனில் ஓடி ஆசியச் சாதனையை நாற்பத்துநான்குக்குக் கீழே கொண்டுசென்றார். உலகச் சாதனையோ 1999ஆம் ஆண்டில் மைக்கல் யோன்சனின் 43.18 ஆகி, 2016ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் வேய்ட் வன் நீக்கேர்க்கின் 43.03 ஆயிற்று. இலங்கையின் சாதனை மட்டும் புக்குவோக்காவிலே நின்றது. ஒரு சாதனை கால் நூற்றாண்டைக் கடந்து நிற்பது, அதனை நிலைநாட்டியவருக்குப் பெருமை. அது நாட்டுக்கும் பெருமையா என்பதை நேயர்கள் சிந்திக்கலாம். சுகத் ஓடியபோது பிறந்த குழந்தை பாடசாலை சென்று, இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடி, பாடசாலையை விட்டும் நீங்கிவிட்டது. அக்காலமெல்லாம் அவ்வெண் அசையவில்லை.

நாற்பத்தைந்து செக்கன் என்ற மதிலை இலங்கையர் ஒருவர் மறுபடியும் தாண்டுவதற்கு 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கின் முதற் சுற்றிலே அருண தர்ஷன 44.99 செக்கனில் ஓடி அரையிறுதிக்குத் தெரிவானார். அது பாங்கொக்கில் சுகத் தங்கம் வென்ற அதே நேரம். அன்று ஆசியாவின் முதலிடத்துக்குப் போதுமாயிருந்த வேகம், பாரிசிலே அடுத்த சுற்றுக்கான அனுமதிச்சீட்டு. புக்குவோக்காவின் 44.61க்கும் அதற்கும் இடையே எஞ்சியிருந்தது 0.38 செக்கன். தரையில் அளந்தால் ஏழு முழம்.